செக்ரோலின் வலது கீழ் மூலை

நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு கையால் எழுதப்பட்ட காலம் இன்னும் என் நினைவில் தெளிவாக இருக்கிறது. விரித்து வைத்தால் மேசையை அடைத்துக்கொள்ளும் அகலமான பக்கம். இடது ஓரத்தில் தொழிலாளியின் இலக்கமும் பெயரும் இருக்கும். மேலே 1 முதல் 31 வரை திகதிகள். ஒரு கட்டத்துக்குள் ஒருவருடைய ஒரு நாள் அடங்கும்: முழுப் பேரா, அரைப் பேரா (ஒரு நாள் வேலைப் பதிவுதான் பேர்), எத்தனை கிலோ கொழுந்து. தோட்டத்துக்குத் தோட்டம் படிவம் கொஞ்சம் மாறும், அடிப்படை மாறாது. மாதக் கடைசியில் கிளாக்கர் ஒவ்வொரு நிரையையும் குறுக்கே கூட்டுவார். அது அந்தத் தொழிலாளியின் மாதக் கணக்கு. பிறகு ஒவ்வொரு நிரலையும் மேலிருந்து கீழே கூட்டுவார். அது அந்தப் பிரிவின் ஒரு நாள் கொழுந்து. மடுவத்தில் நிறுத்த கணக்கோடு அது ஒத்துப்போக வேண்டும். (தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கழிக்கப்பட்ட கிலோக்கள் தனிக் கதை.) கடைசியில் வலது ஓரத்துக் கூட்டுகளையெல்லாம் கீழ்நோக்கிக் கூட்டினாலும், அடிவரிக் கூட்டுகளையெல்லாம் குறுக்கே கூட்டினாலும் வலது கீழ் மூலையில் ஒரே எண்தான் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. அதைக் கண்டுபிடிக்காமல் சம்பளம் போட முடியாது.

அந்த மூலை எண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? பக்கம் ஒரு செவ்வகம் என்பதிலிருந்துதான். எல்லா நிரைக்கும் ஒரே நீளம், எல்லா நிரலுக்கும் ஒரே உயரம், இரண்டுக்கும் சம மதிப்பு. சம்பளம் கேட்பவருக்கு நிரை முக்கியம், தொழிற்சாலைக்கு நிரல் முக்கியம். பக்கம் இருவருக்கும் பொது. பின்னாளில் இந்தப் பக்கங்கள் கணினிக்குள் போனபோது நேர்ந்த ஒரு மாற்றத்தை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்று புழக்கத்தில் உள்ள செய்நிரல் மொழிகளில் பலவற்றுக்குச் செவ்வகம் என்றால் என்னவென்று தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது அணிகளின் அணி. அதாவது எண்களை வரிசையாக அடுக்கிய அணி ஒன்று, அப்படிப்பட்ட அணிகளை அடுக்கிய இன்னோர் அணி. பார்க்க அட்டவணை போலவே இருக்கும். ஆனால் அங்கே நிரை மட்டும்தான் ஒரு பொருள்; நிரல் என்று ஒன்று கிடையாது. பல பரிமாணச் செவ்வக அணியை மொழியே தாங்க வேண்டும், அதைப் பாவிப்பவரின் கெட்டித்தனத்துக்கு விடக்கூடாது என்பது என் கட்சி.

இது புதிய கோரிக்கை அல்ல. 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்த ஃபோர்ட்ரான், முதல் பதிப்பிலேயே மூன்று பரிமாணம் வரை அணிகளைத் தந்தது. அந்தக் கணினியில் சுட்டுப் பதிவகங்களும் மூன்றுதான். 1960இன் அல்கோல் மொழியில் சதுர அடைப்புக்குள் காற்புள்ளியிட்டு இரண்டு சுட்டெண் எழுதலாம். அணியின் அளவைச் செய்நிரல் ஓடும்போதே தீர்மானிக்கலாம். கென்னத் ஐவர்சன் 1962இல் எழுதிய நூலிலிருந்து பிறந்த ஏபிஎல், அணிகளைத் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காத மொழி. அந்தப் பணிக்காக 1979இல் அவருக்கு டியூரிங் விருது கிடைத்தது. அதன்பின் சி மொழி வந்தது. அதில் அளவு முன்கூட்டியே தெரிந்த அட்டவணை நினைவகத்தில் ஒரே துண்டாகத்தான் இருக்கும், ஆனால் அளவு ஓடும்போது தெரியவந்தால் பெரும்பாலோர் சுட்டிகளின் வரிசையைக் கட்டிக்கொண்டார்கள். 1995இல் வந்த ஜாவா அந்தப் பழக்கத்தையே மொழியின் விதியாக்கியது. வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் சம்பளப் பட்டியல் எழுதுவோரும் ஜாவாவுக்குப் போனார்கள். செவ்வகம் விஞ்ஞானிகளோடு ஃபோர்ட்ரானில் தங்கிவிட்டது.

இழந்தது என்ன என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 400 பேர் பதிந்த ஒரு பிரிவின் செக்ரோலை ஒரே துண்டு நினைவகத்தில், நிரை நிரையாக எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 7ஆம் திகதியின் நிரல் வேண்டுமானால் 7ஆவது இடத்தில் தொடங்கி, 31 இடம் தாண்டித் தாண்டி, 400 முறை வாசித்தால் போதும். தொடக்கம், தாண்டல், எண்ணிக்கை என்ற மூன்று எண்களே ஒரு நிரல். எதையும் பிரதி எடுக்க வேண்டியதில்லை. அந்த மூன்று எண்களை ஒரு செயற்கூறிடம் கொடுத்தால், நிரையைக் கூட்டத் தெரிந்த அதே செயற்கூறு நிரலையும் கூட்டிவிடும். அணிகளின் அணியில் இது நடவாது. 400 நிரைகளும் நினைவகத்தில் 400 இடங்களில் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே நிலையான தாண்டல் என்று எதுவும் இல்லை. நிரலைப் பெற ஒவ்வொரு நிரையாகப் போய் ஓர் எண்ணைக் கிள்ளி எடுத்துப் புதிய அணி ஒன்றில் சேர்க்க வேண்டும். சேர்த்தது பிரதிதான், அதில் திருத்தினால் மூலம் திருந்தாது.

அதைவிடப் பொல்லாதது இன்னொன்று இருக்கிறது. அணிகளின் அணியில் 4ஆவது நிரையும் 5ஆவது நிரையும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டலாம். தவறுதலாக ஒரு வரி அப்படி எழுதப்பட்டால் மொழி வாய் திறக்காது. அதன்பின் நாலாம் இலக்கக்காரரின் பெயரில் 18 கிலோ எழுதினால் ஐந்தாம் இலக்கக்காரரின் பெயரிலும் 18 விழும். ஒரு நிரை 30 கட்டத்தோடும் அடுத்தது 31 கட்டத்தோடும் இருக்கலாம், அதற்கும் தடையில்லை. ஒரு நிரையே இல்லாமல் வெறுமையாகவும் இருக்கலாம். கடதாசியில் இவற்றில் ஒன்றுகூடச் சாத்தியமில்லை. மூலை எண் சரிபார்த்தது கூட்டல் பிழையை மட்டும்தான். மற்றப் பிழைகளுக்கு இடம் கொடாமல் காத்தது பக்கத்தின் வடிவம்.

நினைவகச் செலவையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு இதைப் பழங்காலக் கவலை என்று தள்ளிவிடுகிறது. கொழுந்து ஒரு நாளில் காலை, பகல், அந்தி என்று மூன்று முறை நிறுக்கப்படுவதாக எடுத்துக்கொண்டால் நம் அணிக்கு மூன்று பரிமாணம்: ஆள், நாள், நிறுவை. 400 பெருக்கல் 31 பெருக்கல் 3, மொத்தம் 37,200 எண்கள். எண்ணுக்கு 4 பைட்டு வீதம் 148,800 பைட்டு. இதையே 64 பிட் ஜாவா இயந்திரத்தின் வழமையான அமைப்பில் அணிகளின் அணிகளின் அணியாக வைத்தால், ஒவ்வொரு குட்டி அணிக்கும் 16 பைட்டுத் தலைப்பு உண்டு. மூன்று எண்கள் கொண்ட அணி 32 பைட்டை விழுங்கும். அதைச் சுட்ட இன்னும் 4 பைட்டு. கூட்டினால் ஏறத்தாழ 456,000 பைட்டு, உள்ளடக்கத்தைப் போல் மூன்று மடங்கு. நிறுவையை வெளியே போட்டு நாளை உள்ளே வைத்தால் 178,000 அளவுக்கு இறங்கிவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். இறங்கும், உண்மைதான். ஆனால் அப்போது கணக்கின் ஒழுங்கு கணக்கின் தேவையால் அல்ல, இயந்திரத்தின் தலைப்புச் செலவால் தீர்மானிக்கப்படுகிறது. ஆள் முதலில் வர வேண்டும் என்று நினைத்தவர், யாரோ வடிவமைத்த 16 பைட்டுக்காக அதை நடுவுக்குத் தள்ளுகிறார். இன்றைய கணினியில் மூன்று இலட்சம் பைட்டு பெரிய காரியமில்லைதான். ஆனால் நினைவகத்தில் சிதறிக் கிடப்பதை எடுக்க ஆகும் நேரமும் இருக்கிறது. செயலி அடுத்தடுத்து இருப்பதை மொத்தமாக அள்ளி வைத்துக்கொள்ளும் இயல்புடையது; சிதறியதை ஒவ்வொன்றாகத் தேடிப்போக வேண்டும்.

ஒற்றைப் பரிமாண அணி ஒன்றை எடுத்து, இடத்தை நாமே கணக்கிட்டுக்கொண்டால் என்ன என்பது வழக்கமான மறுப்பு. ஆளின் இலக்கத்தில் ஒன்றைக் கழித்து 31ஆல் பெருக்கித் திகதியைக் கூட்டு, அவ்வளவுதானே? தொகுப்பான் உள்ளே செய்வதும் இதையேதான். ஆனால் தொகுப்பான் செய்யும்போது திகதி 31ஐத் தாண்டவில்லை என்றும் பார்க்கும், அல்லது பார்க்கச் சொல்லலாம். நாமே செய்யும்போது மொழிக்குத் தெரிந்தது 12,400 இடங்கள் என்ற ஒரே எல்லைதான். நாலாம் இலக்கக்காரருக்கு 32ஆம் திகதி என்று தவறாகக் கேட்டால், மூன்றை 31ஆல் பெருக்கி 93, அதோடு 32, விடை 125. ஐந்தாம் இலக்கக்காரரின் முதலாம் திகதியும் அதே 125தான். பிழைச் செய்தி வராது, செய்நிரல் நிற்காது. ஒருவரின் உழைப்பு அடுத்தவரின் கணக்கில் ஏறும். மொத்தம் மாறாததால் மூலை எண்ணும் இதைக் காட்டிக்கொடுக்காது. தோட்டத்தில் ஒரு பேர் விடுபட்டால் அது வீடு வரை போகும் விஷயம். அதை மௌனமாக நடக்கவிடும் ஏற்பாட்டை எளிமை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

நூலகத் தொகுதி ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், மொழியை ஏன் தொல்லைப்படுத்துகிறீர்கள் என்பது வலுவான மறுப்பு. பைத்தானில் அப்படித்தானே நடந்தது என்று உதாரணமும் காட்டுவார்கள். நடந்ததுதான், ஆனால் எப்படி நடந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. 1995இல் ஜிம் ஹியூகனின் எழுதத் தொடங்கிய நியூமெரிக், அதன் வழியில் டிராவிஸ் ஒலிஃபன்ட் 2006இல் முழுமைப்படுத்திய நம்பை, இரண்டும் மொழிக்கு வெளியே பிறந்தவை. ஆனால் மொழி அவற்றுக்குக் கதவு திறந்து வைத்திருந்தது. சதுர அடைப்புக்குள் காற்புள்ளியிட்டுப் பல சுட்டெண் எழுதவும், ஒரு பரிமாணத்தை வெட்டியெடுக்கவும், இடையில் உள்ளவற்றை மூன்று புள்ளியால் குறிக்கவும் பைத்தானின் இலக்கணம் இடம் கொடுத்தது. கணிப்பு வேலைக்காரர்களுக்காகவே அது சேர்க்கப்பட்டது. 2015இல் வெளிவந்த 3.5 பதிப்பில் தாயப் பெருக்கலுக்கென்றே ஒரு தனிக் குறி வந்தது. பைத்தான் தன்னுடன் தரும் எந்தத் தரவு வகையும் அந்தக் குறியைப் பாவிப்பதில்லை. ஜாவாவின் கதை வேறு. ஐபிஎம் ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் நிஞ்ஜா என்ற திட்டத்தில் செவ்வக அணிக்கான வகுப்புகளை எழுதி, தகுந்த தொகுப்பான் இருந்தால் ஜாவாவும் ஃபோர்ட்ரானின் வேகத்தை நெருங்கும் என்று காட்டினார்கள். அதை நியமமாக்கும் முன்மொழிவு 2000ஆம் ஆண்டளவில் எழுந்தது, பிறகு கைவிடப்பட்டது. ஜாவாவில் ஒரு நூலகம் சதுர அடைப்பைத் தனக்கென்று பாவிக்க முடியாது. ஒரு கட்டத்தைக் கூட்ட வேண்டுமென்றால் எடு, கூட்டு, வை என்று மூன்று அழைப்புகளாக எழுத வேண்டும். அப்படி எழுதிய பக்கத்தில் சூத்திரம் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சி மொழியில் இதற்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பு உண்டு. அதில் க[4, 7] என்று எழுதினால் பிழை வராது; காற்புள்ளி அங்கே ஒரு செயற்குறி என்பதால் 4 கைவிடப்பட்டு க[7] என்று பொருளாகிவிடும். சி++ அந்தப் பழக்கத்தை முதலில் விலக்கி, 2023இன் நியமத்தில்தான் காற்புள்ளிக்குப் பல சுட்டெண் என்ற பொருளைக் கொடுத்தது. கூடவே பல பரிமாணப் பார்வைக்கான ஒரு வகையையும் நியம நூலகத்தில் சேர்த்தது. 1960இல் அல்கோல் எழுதிய குறியீட்டுக்கு அவ்வளவு சுற்றி வந்து சேர்ந்தார்கள். வேண்டாத வசதி என்றால் இத்தனை காலம் கழித்து யார் மினக்கெடப் போகிறார்கள்?

எனக்கு உண்மையிலேயே யோசனை தந்த மறுப்பு இதுதான்: உலகம் செவ்வகமாக இல்லை. லயத்தில் ஒரு காம்பராவில் மூன்று பேர், அடுத்ததில் எட்டுப் பேர். குடும்பங்களின் பட்டியலைச் செவ்வகத்தில் போட்டால் பாதி கட்டம் வெறுமையாய்க் கிடக்கும். மழைப் பதிவேட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. நாவலப்பிட்டியிலிருந்து வட்டவளைப் பக்கம் ஏறும் மலைகள் நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் அடங்கும். தோட்டங்களில் மழைமானியைக் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதும் வழக்கம் நெடுநாளையது. ஒரு வருடத்தை 12 நிரலும் 31 நிரையுமாக ஒரே பக்கத்தில் எழுதினால் 372 கட்டம் வரும், நாட்கள் 365தான். பெப்ரவரியில் மூன்றும், ஏப்ரல், ஜூன், செப்டெம்பர், நவம்பரில் ஒவ்வொன்றும் ஆக ஏழு கட்டங்களுக்கு நாளே கிடையாது. கைப்பதிவில் அவற்றைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுவார்கள். கணினியில் அந்த ஏழில் பூச்சியம் இருந்தால் மழையில்லா நாள் என்று சராசரியில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு மாதத்துக்கும் அதனதன் நீளம் கொண்ட தனி அணி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கேள்வியை மாற்றிப் பாருங்கள். கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் வந்தபிறகு மேலேயிருந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணிப்பவருக்கு ஒரு தோட்டத்தின் ஒரு வருடம் போதாது. பல மழைமானிகள், பல வருடங்கள், வருடத்தின் ஒவ்வொரு நாள் என்ற மூன்று பரிமாணப் பெட்டி வேண்டும். அதை மானிவாரியாகவும் வெட்ட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் வாரங்களை எல்லா வருடத்திலிருந்தும் உருவி எடுக்கவும் வேண்டும். எழுதாமல் விட்ட நாளுக்கும் மழை பெய்யாத நாளுக்கும் இடையிலான வேறுபாட்டை அணியின் நீளத்தால் சொல்ல முடியாது, கட்டத்துக்குள் ஒரு குறி வைத்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் குறி எப்படியும் வேண்டுமென்றால் இல்லாத ஏழு நாட்களுக்கும் இன்னொரு குறி வைப்பதில் என்ன கஷ்டம்? குடும்பப் பட்டியலுக்கு அணிகளின் அணியே சரி. செக்ரோலுக்கும் மழைக்கும் செவ்வகம். பல பிரிவுள்ள தோட்டத்துக்கு இரண்டும் சேர்ந்தது வேண்டும்: மேற்பிரிவில் ஆட்கள் அதிகம், கீழ்ப்பிரிவில் குறைவு, ஆனால் ஒவ்வொரு பிரிவின் பக்கமும் தனக்குள் முழுச் செவ்வகம்.

இரண்டையும் கொடுத்த மொழி ஒன்று இருக்கிறது. 2002இல் முதல் பதிப்பு வெளிவந்த சி ஷார்ப்பில் ஒற்றை அடைப்புக்குள் காற்புள்ளியிட்டால் செவ்வகம், அடைப்பை இரண்டு முறை போட்டால் அணிகளின் அணி. அழகான ஏற்பாடு. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சரிபார்ப்புக் கருவியிலேயே, பல பரிமாண அணியை விட அணிகளின் அணியை விரும்புக என்ற விதி இருக்கிறது! இடம் வீணாகலாம் என்பது அதன் காரணம். அதோடு ஒற்றைப் பரிமாண அணிக்குக் கிடைத்த வேக மெருகு செவ்வக அணிக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. எனவே வேகம் வேண்டியோரும் விலகியே நின்றார்கள். கொடுத்தும் பயனில்லை என்று இதைக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது அரைமனதோடு கொடுத்ததன் விளைவாகத்தான் தெரிகிறது. இலக்கணத்தில் இடம் கொடுத்துவிட்டுத் தொகுப்பானில் கவனிக்காமல் விட்டால் வசதி வளராது. வீணாகும் இடம் என்ற காரணமோ, செவ்வகமல்லாத தரவைச் செவ்வகத்தில் போடும்போது மட்டுமே செல்லும்.

இனி வீட்டுக்கு வருவோம். இலங்கையில் உருவான செய்நிரல் மொழி என்று பெயர் சொல்லக்கூடியது பலரினா. கொழும்பைத் தளமாகக் கொண்டு வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்தியது, 1.0 பதிப்பு 2019இல் வந்தது. அதைத் தொடக்கிவைத்த சஞ்ஜீவ வீரவரண, பர்டியூ பல்கலைக்கழகத்தில் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள் சூழல்கள் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். செவ்வக அணி இல்லாமல் ஒரு நாள்கூட நகராத துறை அது. ஆனாலும் பலரினாவில் இருப்பது அணிகளின் அணிதான். இதில் முரண்பாடு காணத் தேவையில்லை. வலையமைப்பு வழியே வரும் தரவை வாங்கி, சரிபார்த்து, இன்னொரு சேவைக்கு அனுப்பும் வேலைக்கென்றே அது பிறந்தது. அப்படி வரும் ஜேசன் வடிவத்திலும் அணிக்குள் அணிதான் உண்டு. எண்கணிப்புக்கு ஃபோர்ட்ரானும் நம்பையும் இருக்க, இந்த மொழிக்கு ஏன் செவ்வகம் என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே.

ஆனால் வாசலில் நின்று சரிபார்ப்பதுதான் அந்த மொழியின் தொழில் என்றால், செவ்வகத்தின் தேவை அங்கேதான் கூடுதல். தோட்டத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கு ஒரு மாதச் செக்ரோல் ஜேசனாக வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய நிரையில் ஒரு நாள் விடுபட்டு, மீதி நாட்கள் ஒரு கட்டம் இடம்பெயர்ந்து வந்திருக்கலாம். நீளம் சொல்லாத அணிகளின் அணி என்று வகையை அறிவித்தால் அது கேள்வியில்லாமல் உள்ளே வந்துவிடும். நீளத்தைச் சொல்லவும் பலரினா இடம் தருகிறது. [400][31] என்று எழுதலாம். ஆனால் அந்த எண்கள் செய்நிரல் எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் 30 நாள். இரண்டு பேர் ஓய்வு பெறுவார்கள், ஒரு பிள்ளை புதிதாய்ப் பேர் பதியும். முதல் வகை எதையும் உள்ளே விடும்; இரண்டாவது வகை சரியான பக்கத்தையே திருப்பியனுப்பும். நீளம் இன்னதென்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் எல்லா நிரைக்கும் ஒரே நீளம் என்று மட்டும் சொல்லும் வகை நடுவில் இல்லை. அது இல்லாதவரை, ஒவ்வொரு நிரையின் நீளத்தையும் எண்ணிப் பார்க்கும் நாலு வரியைச் செய்நிரல் எழுதுபவர்தான் ஒவ்வொரு வாசலிலும் எழுதிவைக்க வேண்டும். ஒரு வாசலில் மறந்துபோனால் அதைப் பிடிக்க மொழியிடம் எதுவும் இல்லை.